நின்றதா, நிறுத்தியதா?

நிலை 7 – பாடம் 11

படிக்கும் முன் பேசுவோம்

1. நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் எந்தப் பக்கம் சாய்வீர்கள்?
2. காரில் பின்சீட்டில் உட்காரும்போது நீங்கள் சீட் பெல்ட் போடுவீர்களா? உங்கள் தாத்தா, பாட்டி போடுவார்களா?
3. பள்ளியில் படித்த ஒன்றை வீட்டில் தமிழில் சொல்ல முயன்றிருக்கிறீர்களா? எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?

1. முறுக்கு டப்பா பறந்த கதை

ஜனவரி மாதம், சனிக்கிழமை காலை. டொராண்டோவில் பனி கொட்டிக் கிடந்தது. இனியாவும் தம்பி முகிலும் தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்பினார்கள். அன்று பள்ளியில் பொங்கல் விழா. அதற்காகப் பாட்டி முந்தின நாளே முறுக்கு சுட்டு, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். பாட்டி கும்பகோணத்திலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அம்மா காரை ஓட்டினார். அம்மாவுக்குப் பக்கத்தில் இனியா. இனியாவுக்கு நேர் பின்னால் பாட்டி. பாட்டிக்குப் பக்கத்தில் முகில். இரண்டு பேருக்கும் நடுவில் டப்பா.

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?" என்று அம்மா கேட்டார்.

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ வண்டியை எடு" என்றார் பாட்டி.

உண்மையில் பாட்டி பெல்ட் போடவில்லை. பெல்ட்டை இழுத்து மடியின் மேல் வைத்து, அதன் கொக்கியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகில் அதைப் பார்த்துவிட்டான்.

"பாட்டி, 'க்ளிக்'னு சத்தமே வரலையே?"

"சும்மா இருடா. இது கழுத்தை அறுக்குது. பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? நான்தான் கையால கெட்டியா பிடிச்சிருக்கேனே!"

கார் கிளம்பியது. இரண்டு தெரு தாண்டியதும், முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. அம்மாவும் சட்டென்று பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது. ஆனால் முறுக்கு டப்பா நிற்கவில்லை! அது சீட்டிலிருந்து பாய்ந்து, முன்சீட்டின் முதுகில் 'டங்' என்று மோதிக் கீழே விழுந்தது. மூடி ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம். பாட்டியும் முன்னால் போய் இனியாவின் சீட்டில் கையை ஊன்றினார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

"அம்மா! அடிபட்டுச்சா?" என்று பதறினார் அம்மா.

"ஒண்ணும் இல்ல. டேய் முகிலு, டப்பாவை ஏன்டா தள்ளினே?"

"நான் தொடவே இல்ல பாட்டி!"

"நீ தள்ளாம அது எப்படிடா பறக்கும்? டப்பாவுக்கு என்ன ரெக்கையா இருக்கு?"

இனியாவுக்கு விடை தெரியும். போன வாரம்தான் பள்ளியில் படித்தாள். தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள். "பாட்டி, அவன் தள்ளல. இதுக்குக் காரணம் இனெர்ஷியா" என்றாள்.

"அது யாரு? உன் ஃபிரண்டா?"

முகில் விழுந்து விழுந்து சிரித்தான். இனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி கையைத் தடவிக்கொள்வதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். சொல்ல வேண்டிய விஷயம் மனசுக்குள் முழுசாக இருக்கிறது. ஆனால் பாட்டிக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஒரு வாக்கியம்கூட வரவில்லையே!

2. மலர் டீச்சர் எழுதிய இரண்டு வாக்கியங்கள்

இனியா 11-ஆம் வகுப்புப் படிக்கிறாள். அவள் வசிக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், இயற்பியலைத் தனிப் பாடமாக முதன்முதலில் படிப்பது இந்த வகுப்பில்தான். அதில் ஐந்து பகுதிகள் உண்டு: இயக்கம், விசை, ஆற்றல், அலையும் ஒலியும், மின்சாரமும் காந்தமும். இனியாவின் வகுப்பு இப்போது 'விசை' பகுதியில் இருக்கிறது.

தமிழ் வகுப்பில் அவள் டப்பா பறந்த கதையைச் சொன்னாள். "பாட்டிக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர்" என்றாள்.

மலர் டீச்சர் பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார்.

பந்து நின்றது.
நான் பந்தை நிறுத்தினேன்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

யாழினி கையை உயர்த்தினாள். அவளுடைய அப்பா, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். "முதலாவதில பந்து தானா நிண்டது. ரெண்டாவதில நீங்கள் அதை நிப்பாட்டினீங்கள்" என்றாள்.

"சரியாச் சொன்னே. 'நின்றது' தன்வினை. 'நிறுத்தினேன்' பிறவினை. இப்ப ஒரு கேள்வி. நீங்க பந்தைத் தரையில உருட்டி விடறீங்க. அது கொஞ்ச தூரம் ஓடி நிக்குது. தானா நின்னுதா? ஏதாவது நிறுத்திச்சா?"

"தானா நின்னுது!" என்று பாதி வகுப்பு சொன்னது.

இனியா யோசித்தாள். "இல்ல டீச்சர். தரை நிறுத்திச்சு. பந்து தரையில உரசுது இல்லையா, அது நிறுத்திச்சு."

"அந்த உரசலுக்குப் பேருதான் உராய்வு. வாக்கியத்தைப் பிறவினையில எழுது பாக்கலாம்."

இனியா எழுதினாள்: உராய்வு பந்தை நிறுத்தியது.

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பந்து நின்றது, ஊஞ்சல் நின்றது, சைக்கிள் நின்றது என்று நாம் தினமும் பேசுகிறோம். எல்லாமே தானாக நிற்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு கிரேக்க நாட்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டிலுக்கும் அப்படித்தான் தோன்றியது. 'ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால், அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்' என்று அவர் நினைத்தார்.

இத்தாலியில் வாழ்ந்த கலிலியோ அதை ஏற்கவில்லை. சரிவான பலகையில் பந்துகளை உருட்டிப் பார்த்தார். பாதை எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதோ, அவ்வளவு தூரம் பந்து போகிறது. 'பாதையில் தடையே இல்லை என்றால்?' என்று அவர் கேட்டுக்கொண்டார். அப்படியானால் பந்து நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்!

பிறகு இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு விதியாக எழுதினார். அதுதான் நியூட்டனின் முதல் விதி:

வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றாத வரை, நிலையாக இருக்கும் பொருள் நிலையாகவே இருக்கும். நகரும் பொருள் அதே வேகத்தில், அதே திசையில், நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இருக்கும் நிலையை மாற்றிக்கொள்ளாத இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். 'நிலை' என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள். இனியா தேடிய சொல் இதுதான்.

உராய்வு குறைந்தால் நிலைமம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கேரம் போர்டில் பவுடர் போட்டால் காய் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது! ஐஸ் ஹாக்கியில் ஒரு தட்டுத் தட்டினால் பக் எவ்வளவு தூரம் போகிறது! வாயேஜர் 1 விண்கலம் 1977-இல் பூமியிலிருந்து கிளம்பியது. விண்வெளியில் அதை உரசி நிறுத்தக் காற்றும் இல்லை, தரையும் இல்லை. அதனால் பின்னாலிருந்து எந்த எஞ்சினும் தள்ளாமலே, இன்றும் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே 'நின்றது' என்று கேட்டால், 'நிறுத்தியது எது?' என்று நாம் உடனே கேட்க வேண்டும்.

> தெரியுமா?
> கலிலியோ காலத்தில் ஐரோப்பாவின் அறிஞர்கள் பெரும்பாலும் லத்தீன் மொழியில்தான் எழுதினார்கள். கலிலியோவோ 1632-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலைத் தன் ஊர் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். அந்த நூல் முழுவதும் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அது எங்கே விழும் என்று அவர்கள் வாதாடுவார்கள். கல் பின்தங்கி விழாது. பாய்மரத்தின் அடியிலேயே விழும். ஏன்? கப்பலோடு சேர்ந்து கல்லும் முன்னால் போய்க்கொண்டிருந்தது அல்லவா?

3. கும்பகோணத்து டவுன் பஸ்

அன்று மாலை பாட்டி சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் துணி கட்டியிருந்தது. இனியா ஒரு டம்ளரின் மேல் அட்டையை வைத்தாள். அட்டையின் மேல் ஒரு நாணயத்தை வைத்தாள்.

"பாட்டி, நான் அட்டையைச் சுண்டப் போறேன். காசு எங்க போகும்?"

"அட்டையோட போயிடும்."

இனியா அட்டையை விரலால் வேகமாகச் சுண்டினாள். அட்டை பறந்தது. நாணயம் 'டிங்' என்று டம்ளருக்குள் விழுந்தது.

"அட! இன்னொரு தரம் பண்ணு."

இனியா மறுபடியும் செய்து காட்டினாள். "அட்டையைத்தான் நான் சுண்டினேன். காசை யாரும் சுண்டல. அதனால காசு அங்கேயே இருந்துச்சு. கீழே அட்டை இல்லாததால டம்ளருக்குள்ள விழுந்துச்சு."

பாட்டி வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"பாட்டி, நீங்க டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே போயிருக்கீங்களா?"

"போகாம? முப்பது வருஷம் அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்கப் போனேன். உட்கார இடம் கிடைச்சா அன்னிக்கு அதிர்ஷ்டம்."

"டிரைவர் திடீர்னு பஸ்ஸை எடுத்தா என்ன ஆகும்?"

"பின்னாடி சாய்வோம்."

"பிரேக் போட்டா?"

"முன்னாடி போய் விழுவோம். ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து சண்டைகூட வரும். 'ஏம்மா தள்றே'ன்னு கேப்பாங்க. நான் எங்க தள்ளினேன்..." பாட்டி பேச்சை நிறுத்தினார். எதையோ கண்டுபிடித்ததுபோல் இனியாவைப் பார்த்தார். "ஏன்டி, அப்பவும் யாரும் தள்ளல இல்ல?"

"யாருமே தள்ளல பாட்டி! பஸ் ஓடும்போது நீங்களும் பஸ்ஸோட அதே வேகத்துல ஓடிக்கிட்டுத்தான் இருக்கீங்க. பிரேக் பஸ்ஸை நிறுத்துது. உங்க கால் பஸ் தரையில இருக்கிறதால காலும் நின்னுடுது. ஆனா மேல் உடம்பு அதே வேகத்துல முன்னாடி போகுது."

"வளைவுல திரும்பினா பக்கவாட்டுல சாயறதும் இதுதானா?"

"அதேதான். பஸ் திரும்புது. நம்ம உடம்பு நேராவே போகப் பாக்குது. இதுக்குப் பேரு நிலைமம்."

"நிலைமம்" என்று பாட்டி ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "அப்ப முறுக்கு டப்பாவை முகிலு தள்ளல."

"தள்ளல. கார் நின்னுது. டப்பா நிக்கல. அவ்வளவுதான்."

"பாவம், புள்ளையை வீணாத் திட்டிட்டேன்."

4. பத்து மூட்டை சிமெண்ட்

"பாட்டி, இன்னும் ஒண்ணு. பிரேக் காரை நிறுத்திச்சு. உங்களை எது நிறுத்திச்சு?"

"என் கைதான். முன்சீட்டுல ஊன்றிக்கிட்டேனே. அதுக்குத்தான் சொல்றேன், கை போதும். பெல்ட் எதுக்கு?"

இனியா நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

> கணக்குப் பெட்டி
> நியூட்டனின் இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம்
> ஒரு நொடியில் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். வேகம் குறைந்தாலும் இதே கணக்குத்தான்.
>
> பாட்டியின் நிறை: 50 கிலோகிராம்
> காரின் வேகம்: மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 10 மீட்டர்.
>
> பிரேக் போட்டு 2 நொடியில் நின்றால்:
> 10 ÷ 2 = 5 (ஒவ்வொரு நொடியும் வேகம் 5 குறைகிறது)
> 50 × 5 = 250 நியூட்டன்
>
> எதிலாவது மோதி 0.1 நொடியில் நின்றால்:
> 10 ÷ 0.1 = 100
> 50 × 100 = 5,000 நியூட்டன்
>
> ஒரு கிலோகிராம் பொருளைத் தூக்கிப் பிடிக்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை தேவை.

"இன்னைக்கு அம்மா பிரேக்தான் போட்டாங்க. அப்ப உங்க கை தாங்கினது, இருபத்தஞ்சு கிலோவைத் தூக்கிற மாதிரி. அதுக்கே கை சுளுக்கிடுச்சு. கார் எதுலயாவது மோதினா ஐந்நூறு கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை எவ்வளவு பாட்டி?"

"அம்பது கிலோ."

"அப்ப பத்து மூட்டை."

பாட்டி தன் கையைப் பார்த்தார். "பத்து மூட்டை சிமெண்டை யாருடி ஒரு கையில பிடிப்பா?"

"யாராலயும் முடியாது. பெல்ட் கையை விட்டு நழுவிடும். கார் நின்ன பிறகும் நீங்க அதே வேகத்துல முன்னாடி போவீங்க. அப்ப உங்களை எது நிறுத்தும்?"

"முன்சீட்டு" என்றார் பாட்டி.

"அந்தச் சீட்டுல யாரு உட்கார்ந்திருக்கா?"

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்டி" என்றார் மெதுவாக. "உன் மேல வந்து விழுவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கு உங்க மேலதான் கவலை பாட்டி."

பெல்ட் என்ன செய்கிறது? அது நம்மைக் காரோடு சேர்த்துக் கட்டுகிறது. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கும். நசுங்கி முடிக்கச் சிறிது நேரம் ஆகும். பெல்ட் போட்டவர் அந்த நேரம் முழுவதும் காரோடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறார். பெல்ட் போடாதவர் வேகம் குறையாமல் போய், முன்னால் இருப்பதில் மோதிச் சட்டென்று நிற்கிறார். நிற்கும் நேரம் குறைந்தால் விசை கூடும். நேரம் கூடினால் விசை குறையும்.

முகிலுக்கு இது எளிதில் புரிந்தது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். பந்து நிற்க அதிக நேரம் ஆகும், கை வலிக்காது. கையை விறைப்பாக வைத்தால் வலி உயிர் போகும்!

> தெரியுமா?
> தோளிலிருந்து குறுக்கே வந்து இடுப்பையும் சுற்றும் இன்றைய சீட் பெல்ட்டை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். வோல்வோ நிறுவனம் 1959-இல் அதைத் தன் கார்களில் பொருத்தியது. மற்ற நிறுவனங்களும் அந்த வடிவத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. பெல்ட்டின் ஒரு பகுதி தோள் எலும்பு, மார்பு மேலும், மறு பகுதி இடுப்பு எலும்பு மேலும் படிய வேண்டும். வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. தடித்த குளிர் கோட்டின் மேல் பெல்ட் போட்டால் அது உடம்போடு ஒட்டி இருக்காது. கோட்டைத் திறந்துவிட்டு, அதற்குள்ளே பெல்ட்டை மாட்டுங்கள்.

5. அடுத்த சனிக்கிழமை

அடுத்த வாரமும் பனி. அம்மா முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டினார்.

"ஏம்மா இவ்வளவு மெதுவா?" என்றான் முகில்.

இனியாவுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது. கார் ஓட்டப் பழகுவதற்கான ஜி1 தேர்வுக்குப் படிக்கிறாள். அதனால் அவளே பதில் சொன்னாள். "காரை எது நிறுத்துதுன்னு நினைக்கிற?"

"பிரேக்."

"பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்தறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வு. பனியில உராய்வு ரொம்பக் குறைவு. அதனால நிக்கிறதுக்கு அதிக தூரம் ஆகும். வேகம் ரெண்டு மடங்கானா அந்தத் தூரம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு!"

அப்போது பின்சீட்டிலிருந்து பாட்டியின் குரல் கேட்டது. அவர் போனில் கும்பகோணத்தில் இருக்கும் தன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நீ பேரன் கார்ல போறப்ப பின்னாடி உட்கார்ந்தாலும் பெல்ட்டை மாட்டு. கையில பிடிச்சு ஏமாத்தாதே. ஏன்னா கேக்குறே? கார்தான்டா நிக்கும், நாம நிக்கமாட்டோம். நம்மை நிறுத்த ஒண்ணு வேணும்ல... யாரு சொன்னாங்களா? என் பேத்தி சொன்னா. ஆமா, தமிழ்லதான் சொன்னா."

முறுக்கு டப்பாவைச் சுற்றியும் ஒரு பெல்ட் மாட்டியிருந்தது.

சொல் அறிவோம்

நம் வகுப்பில் தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளும் இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறோம். இரண்டு இடங்களிலும் பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் கற்பிக்கிறார்கள். ஆனால் சில சொற்கள் வேறு. இரண்டும் சரியே. உங்கள் வீட்டில் எந்தச் சொல் என்று கேட்டு வாருங்கள்.

- தமிழ்நாட்டில் இயற்பியல், இலங்கையில் பௌதிகவியல்: பொருள்கள், விசை, ஆற்றல் பற்றிய படிப்பு
- தமிழ்நாட்டில் நிலைமம், இலங்கையில் சடத்துவம்: இருக்கும் நிலையை மாற்றிக்கொள்ளாத குணம்
- தமிழ்நாட்டில் வேகம், இலங்கையில் கதி: ஒரு நொடியில் கடக்கும் தூரம்
- தமிழ்நாட்டில் திசைவேகம், இலங்கையில் வேகம்: எந்தத் திசையில், எவ்வளவு வேகம்
- தமிழ்நாட்டில் முடுக்கம், இலங்கையில் ஆர்முடுகல்: ஒரு நொடியில் திசைவேகம் மாறும் அளவு
- தமிழ்நாட்டில் நிறை, இலங்கையில் திணிவு: ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு
- தமிழ்நாட்டில் எடை, இலங்கையில் நிறை: பூமி ஒரு பொருளை இழுக்கும் விசை
- இரண்டு இடத்திலும் விசை, உராய்வு

கவனம்! 'நிறை' என்ற சொல்லுக்கு இரண்டு இடங்களிலும் வேறு வேறு பொருள். யாழினியின் அப்பா 'நிறை' என்றால் இனியா 'எடை' என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாடத்தில் தமிழ்நாட்டுச் சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறோம்.

இலக்கணம்: தன்வினையும் பிறவினையும்

ஒருவர் தானே செய்யும் வினை தன்வினை. மற்றொன்றைச் செய்ய வைக்கும் வினை பிறவினை.

- நின்றது – நிறுத்தியது
- நகர்ந்தது – நகர்த்தியது
- உருண்டது – உருட்டியது
- திரும்பியது – திருப்பியது
- ஓடியது – ஓட்டியது
- அசைந்தது – அசைத்தது

பேச்சும் எழுத்தும்

- நிக்கல – நிற்கவில்லை
- நிறுத்திச்சு – நிறுத்தியது
- பிடிச்சிருக்கேன் – பிடித்திருக்கிறேன்
- நிண்டது (யாழ்ப்பாணப் பேச்சு) – நின்றது
- நிப்பாட்டினீங்கள் (யாழ்ப்பாணப் பேச்சு) – நிறுத்தினீர்கள்

செய்து பார்ப்போம்

தேவையானவை: பொம்மைக் கார், களிமண், தடித்த புத்தகம், மெல்லிய நூல், அகலமான ரிப்பன்.

1. களிமண்ணில் சிறிய பொம்மை செய்து காரின் மேல் உட்கார வையுங்கள். காரைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தில் மோதவிடுங்கள். பொம்மை என்ன ஆனது?
2. பொம்மையை நூலால் காரோடு கட்டி மறுபடியும் மோதவிடுங்கள். களிமண்ணில் நூல் பதிந்த இடத்தைப் பாருங்கள்.
3. நூலுக்குப் பதில் ரிப்பனால் கட்டி மோதவிடுங்கள். என்ன வேறுபாடு? சீட் பெல்ட் ஏன் அகலமாக இருக்கிறது?

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாட்டி ஏன் முகிலைத் திட்டினார்?
2. பஸ் கிளம்பும்போது நாம் ஏன் பின்னால் சாய்கிறோம்?
3. 'கை போதும்' என்று பாட்டி சொன்னது பிரேக் போடும்போது ஓரளவு சரி, மோதும்போது தவறு. ஏன்? கணக்குப் பெட்டியைப் பார்த்து எழுதுக.
4. பாட்டியின் மனத்தை மாற்றியது எது என்று நினைக்கிறீர்கள்? சிமெண்ட் மூட்டைக் கணக்கா, 'அந்தச் சீட்டுல யாரு?' என்ற கேள்வியா?

ஆ. பிறவினை வாக்கியமாக மாற்றுக. எது செய்தது என்பதையும் சேர்த்து எழுதுக.
எடுத்துக்காட்டு: பந்து நின்றது. – உராய்வு பந்தை நிறுத்தியது.
1. இலை அசைந்தது.
2. கப்பல் திரும்பியது.
3. பாறை நகர்ந்தது.

இ. கணக்கிடுக.
1. முகிலின் நிறை 40 கிலோகிராம். கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதி 0.1 நொடியில் நிற்கிறது. முகிலை நிறுத்த எவ்வளவு விசை தேவை? எத்தனை சிமெண்ட் மூட்டை?
2. ஈரமான சாலையில் ஒரு கார் பிரேக் போட்டதும் ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் அது 10 மீட்டர் தூரத்தில் நிற்கும். 20 மீட்டர் வேகத்தில் வந்தால் எத்தனை மீட்டர்? 30 மீட்டர் வேகத்தில் வந்தால்? (இனியா முகிலுக்குச் சொன்னதை நினைவில் வையுங்கள்.)

ஈ. பேசுக.
உங்கள் பள்ளியில் இந்த வாரம் படித்த ஏதாவது ஒன்றைத் தாத்தா, பாட்டி, பெரியம்மா, மாமா யாருக்காவது தமிழில் விளக்குங்கள். போனிலும் சொல்லலாம். எந்தச் சொல் வரவில்லையோ, அதை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.